டயர் நின்னாத்தான் எழுதுவேன்

குழந்தை தும்மினால் பக்கத்தில் இருப்பவர்கள் 'நூறு' என்பார்கள். அப்படிச் சொன்னவரை நிறுத்தி, குழந்தையின் பிறந்த தேதியைக் கேட்டு, அதோடு நூறு வருஷத்தைக் கூட்டி நோட்டில் குறித்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரை நான் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தனியார் பஸ்காரர்கள் சேர்ந்து வைத்த டைம் கீப்பர். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஊருக்கு அவர் 'வந்துச்சா நைனா'.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதுதான் டைம் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு சுவர்க்கடிகாரம், கழுத்தில் ஒரு விசில், மேஜை மேல் நீளமான ஒரு ரிஜிஸ்டர். ரிஜிஸ்டரில் மூன்று கட்டம். வரவேண்டிய நேரம், வந்த நேரம், குறிப்பு. வந்த வண்டிக்கு நீல மசி, வராத வண்டிக்குச் சிவப்பு மசி. சிவப்பில் ஒரே ஒரு சொல்தான் எழுதுவார்: 'வரல'.

கண்டக்டர்கள் போனில் கெஞ்சுவார்கள்.

"நைனா, வண்டி பொன்பாடி தாண்டிச்சு. எழுதிக்கோ நைனா, மொதலாளி திட்டுவாரு."

"டயர் இங்க நிக்கட்டும், எழுதறேன்."

"வந்துகினுதான நைனா கீறோம்!"

"வந்துகினு கீறோம்னு எழுத இதுல கட்டம் இல்லபா. வந்துச்சு, வரல. ரெண்டே ரெண்டுதான்."

இந்தப் பழக்கம் பஸ்ஸோடு நின்றிருந்தால் அவரும் ஆயிரம் டைம் கீப்பர்களில் ஒருவராக இருந்திருப்பார். கையில் போன் வந்த பிறகு, போனில் வரும் செய்திகளையும் அவர் பஸ்ஸாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டார். ரிஜிஸ்டரின் பின்பக்கத்திலிருந்து தனியாக ஒரு கணக்கு ஓடியது. ஒருவன் வந்து, "நைனா, நாளைக்கு மூணு மணிக்கு சூரியன்லேர்ந்து ஒரு கதிர் வருதாம், செல்லு எல்லாம் வெடிச்சிடுமாம், அணைச்சு வெச்சிடு" என்று சொல்வான். நைனா சிரிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். "எத்தினி மணிக்குன்ன? மூணா? நம்ம ஊரு டைமா, அந்த ஊரு டைமா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். மறுநாள் மூன்று மணிக்குத் தன் போனைக் கடிகாரத்துக்குக் கீழே வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தார். ரிஜிஸ்டரில் நானே படித்தேன். '3.00 வெடிக்கல. 3.10 வெடிக்கல. 3.12 மச்சான் போன் பண்ணான்.'

'இதைப் பத்து பேருக்கு அனுப்பினால் மாலைக்குள் நல்ல செய்தி வரும்' என்று யாரோ அனுப்பியதை, அவர் மனசாட்சிப்படி பத்து பேருக்கு அனுப்பிவிட்டு மாலை வரை காத்திருந்தார். குறிப்புக் கட்டத்தில் இருந்தது: 'ஆர்.கே.பேட்டை வண்டி பின் டயர் பஞ்சர். இது நல்ல செய்தியில் சேருமா தெரியல.'

முருகன் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி என்று ஊரே சொல்கிறது. நைனா மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் பாதியில் தெரிந்தவர்கள் பேச்சுக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். மூன்று முறையும் மூன்று எண்ணிக்கை வந்தது. 'என் எண்ணிக்கை சரியில்ல, மறுபடி போகணும்' என்று எழுதியிருந்தார். தன் மேலும் அவருக்கு அவ்வளவு சந்தேகம்.

ஆனால் கிருத்திகைக்குக் கிருத்திகை விபூதி பூசிக்கொண்டு மலை ஏறிவிடுவார். ஒருநாள் கேட்டேன்.

"ஊர்ல இருக்கிறவங்கள எல்லாம் கேள்வி கேக்கறியே நைனா, முருகன்கிட்ட மட்டும் கேக்க மாட்டியா?"

"அவுரு எனக்கு என்னிக்கும் டைம் சொன்னதில்லடா. டைம் சொல்றவனத்தான் நான் கேப்பேன்."

நான் டைம் சொல்பவனாகத்தான் அந்த ஊரில் இறங்கினேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடத்துக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. லாரி கிளீனர், செங்கல் சூளை, நகரியில் புடவை மூட்டை தூக்குவது, ஓட்டலில் மாவாட்டுவது என்று சுற்றினேன். சாப்பாடு சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஒருநாள் அரக்கோணம் பிளாட்பாரத்தில் ஒரு வயதானவரோடு பழக்கமானது. அவர் எனக்குச் சர்க்கரை நோய்ப் பொடி விற்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். வெந்தயம், காய்ந்த வேப்பிலை, நாவல்கொட்டை. அரைத்துச் சலித்தால் பொடி ஆயிற்று.

பொடியைவிடப் பேச்சுதான் முக்கியம். அதில் மூன்று வரி தவறக் கூடாது. ஒன்று, ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும், நாற்பத்தெட்டு நாள். இரண்டு, இங்கிலீஷ் மாத்திரையோடு சேரக் கூடாது, அதை நிறுத்திவிட வேண்டும். மூன்று, முதலில் சர்க்கரை ஏறும், ஏறினால் பயப்படக் கூடாது, உள்ளே இருக்கிற கெட்டது வெளியே வருகிறது என்று அர்த்தம். இந்த மூன்றுக்கும் மேலே, வாங்கியவரிடம் சொல்லாத நான்காவது வரி ஒன்று உண்டு. விற்பவன் நாற்பதாம் நாளுக்குள் வேறு ஊருக்குப் போய்விட வேண்டும்.

நான்கு வருஷம் அப்படித்தான் ஊர் ஊராகப் போனேன். ஒரு ஊரிலும் நாற்பத்தெட்டாம் நாளைப் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பொடி வேலை செய்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. தெரியாததால் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

புரட்டாசிக் கடைசியில் இரண்டு மூட்டையோடு திருத்தணியில் இறங்கி, பேட்டரி மைக்கைப் பிடித்து ஆரம்பித்தேன். பத்துப் பேர் கூடினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரிஜிஸ்டரோடு ஒருவர் வந்தார்.

"எத்தினி நாள்னு சொன்ன?"

"ஒரு மண்டலம் ஐயா. நாப்பத்தெட்டே நாள்!"

அவர் விரல் விட்டு எண்ணினார். "அப்ப கார்த்திகை பதினெட்டு. எத்தினி மணிக்கு?"

கூட்டம் சிரித்தது. நான் மைக்கைக் கீழே இறக்கினேன். "மணியெல்லாம் சொல்ல முடியாதுங்க..."

"சரி, காலைலன்னு போட்டுக்கறேன். ஊரு எது? எங்க தங்கற?"

தங்குவதற்கு இடம் எதுவும் இல்லை என்று சொன்னேன். "அப்ப டைம் ஆபீஸ் பின்னால படுத்துக்கோ, மழை வரும்" என்றார். என் தொழிலுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

டைம் ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதை நடத்தியவரை எல்லோரும் பாவா என்று கூப்பிடுவார்கள். நகரியில் பெண் எடுத்தவர். மச்சானைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெண் எடுத்த ஊர்க்காரர்கள் கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் டிரைவர் கண்டக்டர் எல்லோருக்கும் அவர் மச்சான் ஆகிவிட்டார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, பத்து வருஷமாகச் சர்க்கரை. கடையில் பாதி வேலையை அவர் மனைவி அம்சாக்கா பார்த்தாள். மீதி வேலை, அதாவது பேசுவது, பாவாவுடையது.

என் பேச்சைக் கேட்ட மூன்றாம் நாள் பாவா மாத்திரை டப்பாவைப் பரண் மேல் வீசிவிட்டு, ஒரு மண்டலத்துக்கான பொடியை வாங்கிக்கொண்டார்.

நைனா சண்டை போட்டுப் பார்த்தார். "பாவா, பொடிய தின்னு, வாணான்னு சொல்லல. மாத்திரைய இன்னாத்துக்கு நிறுத்தற?"

"ரெண்டும் சேரக் கூடாதாம் நைனா. பையன் சொல்றான்."

"யாரு பாத்தது சேரக் கூடாதுன்னு?"

"உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். பெத்த தாய் சோறு போட்டாலும் வெந்துச்சான்னு கேப்ப."

"அரிசியத் தொட்டுப் பாத்தா தெரிஞ்சுடும். அதுக்கு இன்னாத்துக்கு சந்தேகப்படணும்?"

பாவா கேட்கவில்லை. நைனா ஒரு நிபந்தனை போட்டார். திருப்பதி போகிற பஸ்ஸைத் திருப்பதியில் மட்டும் பார்த்தால் போதுமா? நடுவில் ஒவ்வொரு ஸ்டேஜிலும் நேரம் பார்க்க வேண்டாமா? அதுபோல முதல் நாள், பன்னிரண்டாம் நாள், இருபத்திநாலாம் நாள் என்று ரத்தம் பரிசோதித்து அந்த எண்ணை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பாவா ஒத்துக்கொண்டார். என்னைவிட அவருக்குப் பொடி மேல் நம்பிக்கை அதிகம். முதல் நாள் எண் நூற்று எண்பது.

நான் மூன்று வாரத்தில் கிளம்பியிருக்க வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்து எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, எழுந்து உட்கார முடியாத காய்ச்சல். நைனா என்னை ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகிற வழியில் கேட்டார்.

"மைக்குல சொன்னியே, சர்க்கரை மட்டுமில்ல, காய்ச்சல் சளி எல்லாத்துக்கும் கேக்கும்னு. மூட்டைலேர்ந்து ரெண்டு கரண்டி எடுத்து கலக்கட்டுமா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "வாணாம் நைனா."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஏதோ எழுதிக்கொண்டதை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

டைபாய்டு என்றார்கள். இரண்டு வாரம் டைம் ஆபீஸ் பின்னால்தான் படுத்துக் கிடந்தேன். நைனா வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவருவார். எனக்கு மாத்திரை கொடுப்பதையும் வண்டி அனுப்புவது மாதிரியே செய்வார். விசில் அடிப்பார், மணி பார்ப்பார், கொடுப்பார், எழுதுவார். என்னை அப்படி யாரும் பார்த்துக்கொண்டதில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி ஏறும்போது கஷ்டமாக இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் பாவாவின் எண் இருநூற்று அறுபது.

பாவா பயப்படவே இல்லை. டீ ஆற்றிக்கொண்டே எல்லோருக்கும் சொன்னார். "ஏறுது பாரு! மருந்து வேலை செய்யுது. கெட்டது வெளிய வருது."

அன்று சாயங்காலம் நைனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமாக இல்லை. வண்டியின் ரூட்டு விசாரிப்பது மாதிரிதான் கேட்டார்.

"எறங்கினா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். இல்லியா?"

"ஆங் நைனா."

"ஏறினாலும் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்."

"ஆங்..."

"அப்ப வேலை செய்யலன்னா இன்னா ஆவும்? அத்த சொல்லு, எழுதிக்கறேன்."

நான்கு வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் செருப்பால் அடித்திருக்கிறார். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இப்படிப் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு யாரும் கேட்டதில்லை. எந்த வழியில் போனாலும் சரியான ஊருக்கே போகிறேன் என்று சொல்கிற பஸ் எந்த ஊருக்குமே போகாது என்பது படுத்துக் கிடந்த எனக்கு மெதுவாகப் புரிந்தது. நைனா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு ஒரு வாரம் கழித்துப் பாவா வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கும்போது காலில் கொட்டிக்கொண்டார். கொட்டியதே அவருக்குத் தெரியவில்லை. அம்சாக்காதான் தரையில் தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள். "சுடவே இல்லடி, மருந்து உடம்ப அப்படி இறுக்கிடுச்சு" என்று பாவா பெருமையாகச் சொன்னார். சர்க்கரை அதிகமாகிக் கால் மரத்துப்போனால்தான் அப்படி ஆகும் என்று எனக்கு ஓரளவு தெரியும். இந்தத் தொழிலில் எத்தனையோ கால்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்த மறுநாளே ஊரை மாற்றியிருக்கிறேன்.

இருபத்திநாலாம் நாள் எண் முந்நூற்றைத் தாண்டிவிட்டது. வெந்நீர் பட்ட காலில் சுண்டுவிரல் பக்கத்துப் புண் நிறம் மாறியிருந்தது. ஆஸ்பத்திரியில் உடனே வந்து சேரச் சொல்லியும் பாவா திரும்பி வந்துவிட்டார். அம்சாக்கா நேராக என்னிடம் வந்தாள்.

"தம்பி, நீ சொன்னாத்தான் அந்த மனுசன் கேப்பாரு. காலு போச்சின்னா கடை போச்சு. கடை போச்சின்னா அவரு பேசறதுக்கு எங்க போவாரு?"

இப்போது எனக்கு நடக்கத் தெம்பு வந்திருந்தது. இரண்டு மூட்டையில் ஒன்றரை மூட்டை அப்படியே இருந்தது. திருப்பதி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஏறுகிறவனை நைனா மணி பார்த்து எழுதுவாரே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "பாவா, அது மருந்து இல்ல. வெந்தயமும் வேப்பிலையும். மாத்திரைய நிறுத்துன்னு சொன்னது பொய். எனக்கு ஒண்ணும் தெரியாது பாவா."

பாவா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு டைம் ஆபீஸ் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சிரித்தார்.

"நைனா! கஞ்சி ஊத்தி ஊத்திப் பையன மாத்திட்டியா? நல்லா மெரட்டி வெச்சிருக்க!"

பொய்யைச் சொன்னபோது ஒரே வாய்ச்சொல்லில் நம்பியவர், உண்மையைச் சொன்னபோது சிரிக்கிறார்.

"எனுக்குத் தெரியாதாடா? குடிச்ச அரை மணில உள்ளங்கை ஜில்லுனு ஆவுது. மருந்து இல்லாமயா ஆவுது?"

நைனா ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம். கடைசியில் ஒருவன் நேரம் சொல்லிவிட்டான்.

"அரை மணி. உள்ளங்கை ஜில்லு. அவ்ளோதான? பாத்துடலாம் பாவா. ஜில்லுனு ஆச்சின்னா நானும் நாளைலேர்ந்து அந்தப் பொடியத்தான் சாப்பிடுவேன். ஆவலன்னா நீ ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"வரேன்யா! எழுதிக்கோ!"

மூன்று டம்ளர் வைத்தார்கள். கடையில் மிஞ்சிய டீத்தூள் சக்கையை அம்சாக்கா கொதிக்க வைத்து, கரியாய்க் கசக்கிற கஷாயம் ஒன்று செய்தாள். மூன்று டம்ளரிலும் அதுதான். ஒன்றில் மட்டும் என் பொடியைக் கலந்து, வடிகட்டி ஊற்ற வேண்டும். எதில் என்பது எனக்கு மட்டும்தான் தெரிய வேண்டும்.

"நைனா, உனுக்கும் சொல்லக் கூடாதா?"

"எனக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் மூஞ்சி பாவாக்கு சொல்லிடும். நீயும் ஊத்திட்டு மூத்திரம் போறவன் மாதிரி எங்கியாவது போய் நில்லு."

நான் ஊற்றிவிட்டு நகரி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தேன். பாவாவின் கண்ணைத் துண்டால் கட்டி, மூக்கைப் பிடிக்கச் சொன்னார்கள். பத்து டிரைவர் கண்டக்டர்களும் ஆர்.கே.பேட்டைக்குப் போகவேண்டிய பாதி பஸ் ஜனமும் சுற்றி நின்றார்கள். நைனா விசில் அடித்தார். பாவா முதல் டம்ளரைக் குடித்தார். அரை மணி. யாரும் நகரவில்லை. அன்றைக்கு இரண்டு வண்டி தாமதமாகக் கிளம்பியது. அந்த இரண்டையும் நைனா குறிப்புக் கட்டத்தில் 'என் தப்பு' என்று எழுதினார்.

"ஜில்லுனு கீது!" என்றார் பாவா. "நான் சொன்னேன்ல? இதான் மருந்து."

இரண்டாவது டம்ளர். அரை மணி.

"அடேங்கப்பா! மொதல்ல சொன்னது தப்பு. இதான். தோள் வரைக்கும் ஜில்லுனு ஏறுது."

மூன்றாவது டம்ளர். அரை மணி. பாவா உள்ளங்கையை மூடித் திறந்து பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்ல. இது டூப்பு. எனுக்குத் தெரியாதா?"

என்னைக் கூப்பிட்டார்கள். பாவா துண்டை அவிழ்த்தார்.

"எது தம்பி உன் மருந்து?"

"மூணாவது பாவா."

அம்சாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப மொதல் ரெண்டு?"

"உன் கடை டீத்தூளு."

அரக்கோணம் வண்டி கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. "பாவா, பத்து வருசமா நாங்க குடிச்சிகினு கீறது மருந்தா? சொல்லவே இல்லியே!" என்றான். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். நைனா மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றார். பிறகு பாவாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"உன் கை ஜில்லுனு ஆனது பொய் இல்ல பாவா. அது மெய்தான். நம்புனா ஆவும். எனுக்கும் ஆவும். ஆனா சர்க்கரைக்கு நாம நம்பறது தெரியாதில்ல, அதான்."

பாவா கொஞ்ச நேரம் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, பல நாளாகப் பார்க்காத தன் காலைப் பார்த்தார்.

"அம்சா, செருப்ப எடு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதமும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு விரலுக்கு நான்தான் காரணம். அதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அப்படித்தான் வருகிறது. அதனால் சுற்றாமல் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரையும் நைனா விடவில்லை. "இந்த மாத்திரை எத்தினி நாள்ல எறக்கும் சார்? எறக்கலன்னா?" என்று ரிஜிஸ்டரோடு நின்றார். நான் பயந்தேன். டாக்டர் பொறுமையாக, "மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுப்போம். இறங்கலைன்னா இந்த மருந்து அவருக்குப் பத்தலைன்னு அர்த்தம், மாத்துவேன்" என்றார். வெளியே வந்த நைனா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்தியா? எறங்கலன்னா இன்னா அர்த்தம்னு மொதல்லயே சொல்லிட்டாரு பாரு! இவுரு மெய்யாவே வண்டி வெச்சிருக்கறவரு!"

கார்த்திகை பதினெட்டாம் தேதி காலையில் பாவா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, காலில் கட்டோடு கடையில் உட்கார்ந்திருந்தார். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் நாற்பத்தெட்டாம் நாள் அதுதான். நைனா ரிஜிஸ்டரைத் திருப்பி அந்த வரியைக் காட்டினார். சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"நீயே எழுது. நீ விட்ட வண்டி."

எழுதினேன். 'வரல'. கையெழுத்து கோணலாக வந்தது. எட்டாவது பாதியில் விட்டதன் குறை.

மிச்சம் இருந்த ஒன்றரை மூட்டைப் பொடியை அம்சாக்கா முருங்கைக்கு உரமாகப் போட்டாள். 'முருங்கை, நாற்பத்தெட்டு நாள்' என்று நைனா அதற்கும் ஒரு வரி போட்டார். பாவா என்னைத் திட்டவே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் காலைக் காட்டி, "டாக்டரக் கேக்காம மாத்திரைய நிறுத்தாத. நிறுத்தச் சொல்றவன நாப்பத்தொம்போதாம் நாள் வரைக்கும் ஊர்லயே கட்டிப் போடு" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குப் பேச இன்னொரு கதை கிடைத்துவிட்டது. அதைக் கேட்டுச் சிரிக்க என்னால்தான் முடியவில்லை.

தை பிறந்ததும் கிளம்பினேன். ஓசூர் பக்கம் கட்டட வேலை இருப்பதாகச் சொன்னார்கள். நைனா வண்டி வரை வந்தார்.

"எப்ப வருவ?"

"ஆடிக் கிருத்திகைக்கு வந்துடறேன் நைனா."

அப்படிச் சொல்லிவிட்டு எத்தனையோ ஊரைவிட்டுப் போயிருக்கிறேன். எந்த ஊரும் அதைக் குறித்து வைத்ததில்லை. நைனா அங்கேயே நின்றபடி ரிஜிஸ்டரைத் தொடையில் வைத்து எழுதிக்கொண்டார்.

அந்த ஆடிக்குப் போகவில்லை. அடுத்த ஆடிக்கும் போகவில்லை. ஓசூரில் சாரம் சரிந்து கை ஒடிந்தது. அப்புறம் கர்நாடகாவில் மாம்பழ லோடு, அப்புறம் வேறொன்று. போகக் கூடாது என்று இல்லை. போன ஊருக்குத் திரும்பிப் போகிற பழக்கம் கால்களுக்கு இல்லை, அவ்வளவுதான். நான்கு வருஷம் கழித்து, ஆடியும் இல்லாத கிருத்திகையும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அரக்கோணத்திலிருந்து வந்த வண்டியில் திருத்தணியில் இறங்கினேன்.

பாவாவின் கடை இருந்தது. கடைக்குள் பாவாவும் பேச்சும் இருந்தார்கள். டைம் ஆபீசில் தலை முழுக்க நரைத்துப்போய் நைனா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். புது ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தைத் திறந்து, ஒரு கையால் பாதியை மறைத்துக்கொண்டு, நீல மசியில் 4.20 என்று எழுதினார்.

"டீ சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல நைனா."

அதற்குள் சோளிங்கர் வண்டி வந்து நின்றது. விசிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். நான் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, அவர் மறைத்த பாதியைப் பார்த்தேன். வரவேண்டிய நேரம்: ஆடிக் கிருத்திகை. ஒவ்வொரு ரிஜிஸ்டர் முடியும்போதும் அந்த ஒரு வரியைப் புது ரிஜிஸ்டரின் முதல் பக்கத்துக்கு எடுத்து எழுதியிருக்கிறார். அலமாரியில் இருந்த பழைய ரிஜிஸ்டர்களையும் பிரித்துப் பார்த்தேன். அந்த வரிக்கு ஒன்றிலும் சிவப்பு மசி இல்லை. குறிப்புக் கட்டத்தில், எந்த வண்டிக்கும் யார் கெஞ்சியும் அவர் எழுதாததை எல்லாவற்றிலும் எழுதியிருந்தார்: 'வந்துகினு கீறான்.'